புற்றுநோய் மாத்திரையும் சாப்பாடும்: வீட்டில் நடக்கும் தவறுகள்

"வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீங்க, வயிறு புண்ணாகிவிடும்." வீட்டுப் பெரியவர்கள் அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் சில புற்றுநோய் மாத்திரைகளில் இந்த அக்கறையே ஆபத்தாகிவிடுகிறது.

புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் அபிராடெரோனைப் பாருங்கள். தண்ணீரில் இது லேசில் கரையாது. வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் சேருவது கொஞ்சம்தான். அதைக் கணக்கில் வைத்தே 1000 மி.கி. என்று அளவு வைத்திருக்கிறார்கள். நெய்யும் எண்ணெயும் நிறைந்த சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் சேரும் அளவு 10 மடங்கு வரை ஏறிவிடும். கொழுப்பு குறைந்த சாப்பாடு என்றாலும் 5 மடங்கு. அதனால்தான் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் போடுங்கள், போட்ட பிறகு 1 மணி நேரம் எதுவும் சாப்பிடாதீர்கள் என்கிறார்கள்.

இதிலேயே இன்னொரு குழப்பம் உண்டு. கொழுப்பு குறைந்த காலை உணவோடு 250 மி.கி. கொடுத்தாலும் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோயின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) அதே அளவுக்குக் குறைவதை 2018இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு காட்டியது. செலவு பெரிய அளவில் மிச்சமாவதால் இந்தியாவிலும் சில மருத்துவர்கள் இப்படி எழுதுகிறார்கள். ஆக, ஒரே மருந்துக்கு இரண்டு முறைகள். பக்கத்துப் படுக்கைக்காரர் சாப்பாட்டோடு போடுகிறார் என்று நீங்களும் 1000 மி.கி.யைச் சாப்பாட்டோடு போட்டுவிடக் கூடாது. உங்கள் சீட்டில் இருப்பதுதான் உங்களுக்கு.

அதிகம் சேர்ந்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். இல்லை. ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் நிலோடினிப் சாப்பாட்டோடு சேர்ந்து ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பின் தாளமே கெடலாம். அதற்காக எல்லா மாத்திரையும் வெறும் வயிற்றில்தான் என்றும் இல்லை. குடல், மார்பகப் புற்றுநோய்களுக்குத் தரும் கேப்சிடபின், சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

யாரும் பெரிதாக நினைக்காத தவறு கேஸ் மாத்திரை. நம் ஊரில் எந்தச் சீட்டிலும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆனால் ரத்தப் புற்றுநோய்க்கான டசாடினிப் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். அதே வகை மருந்தான ஒமிபிரசோலோடு கொடுத்துப் பார்த்ததில், உடலில் சேரும் டசாடினிப் 43% குறைந்தது. நுரையீரல் புற்றுநோய்க்கான எர்லோடினிபுக்கும் ஏறக்குறைய இதே கதி. மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டும் முன், கூடவே என்னென்ன போகிறது என்று பார்த்தாக வேண்டும். இதற்காகவே, வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம் மஞ்சள், மிளகு கேப்சூல். மிளகிலுள்ள பைப்பரின், மஞ்சளின் குர்குமினை 20 மடங்கு வரை உடலில் சேர்க்கிறது என்று பெங்களூரு ஆய்வு ஒன்று 1998இல் சொன்னது. குடலிலும் கல்லீரலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பைப்பரின் தடுப்பது இதற்கு ஒரு காரணம். பல புற்றுநோய் மருந்துகளும் அதே நொதிகள் வழியாகத்தான் போகின்றன. மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபெனோடு இந்த இரண்டையும் கொடுத்தபோது, அதிலிருந்து உடல் மாற்றி எடுக்கும், வேலை செய்யும் வடிவம் ரத்தத்தில் குறைந்ததை நெதர்லாந்தில் கண்டார்கள். ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம், நான் சொல்வது கேப்சூலைத்தான்.

விழுங்க முடியவில்லை என்று மாத்திரையை நீங்களாகப் பொடிக்காதீர்கள். சிறுநீரகப் புற்றுநோய்க்கான பாசோபனிபைப் பொடித்தால் வேகமாகவும் அதிகமாகவும் ரத்தத்தில் ஏறும். பொடிப்பவர் மூக்கிலும் தூள் போகும். மாத்திரை போட்டதும் வாந்தி வந்துவிட்டால், நீங்களாக இன்னொன்று போடாமல் மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள்.