ரிஜெக்ட் ஆன எக்ஸ்ரே படங்கள்: கணக்கெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சின்ன ஆஸ்பத்திரிகளில்கூட டிஜிட்டல் எக்ஸ்ரே வந்துவிட்டது. வீணான பிலிம்களைப் பெட்டியில் சேர்த்துவைத்து எண்ண வேண்டியதில்லை. சரியில்லை என்று ஒதுக்கிய படங்களின் பட்டியலை, அதாவது ரிஜெக்ட் பட்டியலை, மெஷினே வைத்திருக்கும். அதைப் படிக்கும் விதத்தில்தான் கோளாறு.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டெக்னீஷியனைத் திட்டுவதுதான் பெரிய தவறு. அடுத்த மாதமே ரிஜெக்ட் விகிதம் இறங்கும், ஆனால் படத்தின் தரம் ஏறியிருக்காது. நெஞ்சுப் படத்தில் நுரையீரலின் கீழ் ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலும் ‘போதும்’ என்று அனுப்பிவிடுவார்கள். டாக்டர் திருப்பி அனுப்பினால் அதே நோயாளிக்குப் புதுப் பதிவில் இன்னொரு படம். அது ரிஜெக்ட் கணக்கிலேயே வராது. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 2015 அறிக்கை 8 சதவீதத்தை இலக்காகவும், 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டிய எல்லையாகவும் சொல்கிறது. 1 சதவீதம் என்று ஒரு ஆஸ்பத்திரி காட்டினால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

வகுப்பதிலும் கவனம் வேண்டும். 1,100 படம் எடுத்து 100 ரிஜெக்ட் என்றால் 9.1 சதவீதம். நல்ல படங்கள் 1,000-ஆல் மட்டும் வகுத்தால் அதுவே 10 ஆகிவிடும். காலையில் மெஷினைச் சோதிக்க எடுக்கும் படங்களையும் கழித்துவிடுங்கள்.

மொத்த விகிதத்தோடு நிறுத்துவதும் தவறுதான். நெஞ்சுப் படங்கள் எண்ணிக்கையில் அதிகம், எடுப்பதும் சுலபம். அவற்றுக்குள் முழங்கால் பக்கவாட்டுப் படத்தின் தோல்விகள் ஒளிந்துகொள்ளும். தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள இரண்டு முண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்படி வலியில் துடிப்பவரின் காலை வைப்பது லேசான வேலையா? உறுப்புவாரியாகப் பிரித்தால்தான் எங்கே பயிற்சி தேவை என்று தெரியும்.

ரிஜெக்ட் செய்யும்போது மெஷின் காரணம் கேட்கும் இடத்தில் ‘மற்றவை’ என்று அமுக்கிவிட்டுப் போனால் பட்டியலால் பயனில்லை. ‘உடலில் உலோகம்’ என்று தனிக் காரணம் இருக்கட்டும். நம்ம ஊரில் தாலி, குருசு மாலை, இடுப்பில் வெள்ளி அரைஞாண் எல்லாம் சகஜம். அந்தக் காரணம் அடிக்கடி வந்தால் உடை மாற்றும் இடத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு அறிவிப்பு ஒட்டினாலே குறையலாம்.

அப்புறம், சாப்ட்வேரை மாற்றும்போது பழைய பட்டியல் அழிந்துபோகலாம். முன்பே பிரதி எடுத்து வையுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று, கூடுதல் கதிர்வீச்சு. பிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் மெஷின் சரிசெய்துவிடுவதால் படம் அழகாகவே இருக்கும், யாரும் ரிஜெக்ட் செய்ய மாட்டார்கள். எனவே ஏற்றுக்கொண்ட படங்களின் டீவியேஷன் இன்டெக்ஸையும் (கதிர் அளவு இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்) சேர்த்துப் பாருங்கள். 0 என்றால் இலக்கு. +3 என்றால் டிடெக்டரில், அதாவது படத்தைப் பதிவுசெய்யும் தகட்டில், விழ வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கதிர் விழுந்திருக்கிறது.