மலைநாட்டில் பிளாஸ்டிக் கழிவு: வீட்டுக்குள்ளேயே நடந்துவிடும் தவறுகள்

இலங்கையின் மலைநாட்டில் பிளாஸ்டிக்கைச் சேர்ப்பதோடு அதைக் கீழே இறக்குவதற்கும் செலவாகிறது. தோட்டத்துப் பாதையில் வளைந்து வளைந்து ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ லொறி போய்ச் சேர வேண்டும். அதனால்தான் பழைய போத்தல் வாங்குபவர் முதலில் எடையையும் ஈரத்தையும் பார்க்கிறார். சோற்றுப் பருக்கை ஒட்டிய, புளித்த வாடை வீசும் மூட்டை என்றால் அவிழ்க்காமலே ஒதுக்கிவிடுவார். வாங்க ஆள் இருக்கும் இடங்களிலும் பிளாஸ்டிக் இப்படித்தான் வீணாகிறது.

அதிகம் நடக்கும் தவறு, எல்லாவற்றையும் ஒரே உரப்பையில் திணிப்பது. பிளாஸ்டிக் என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும் அவை வெவ்வேறு பொருள்கள். அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். சோடா, தண்ணீர்ப் போத்தல் 1 (பெட், PET). ஷாம்பு, கழுவுதிரவப் போத்தல்கள் பெரும்பாலும் 2. ஐஸ்கிரீம் டப்பா பெரும்பாலும் 5. யோகட் கோப்பை அநேகமாக 6. எண் 3 இருந்தால் அது பிவிசி; போத்தல்களோடு சேரவே கூடாதது அதுதான். பெட் உருகுவதற்கு ஏறக்குறைய 260 பாகை செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலப் புகையைக் கக்குவதால், சில துண்டுகள் கலந்தாலே உருக்கிய முழுத் தொகுதியும் மஞ்சளித்துப் பாழாகும்.

எண் தேய்ந்துவிட்டதா? போத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் சிறு புள்ளி போல ஒரு தழும்பு இருந்தால் பெட்; குறுக்கே கோடு போன்ற பொருத்து ஓடினால் பெட் அல்ல. மற்றவற்றுக்கு நகமளவு துண்டை வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். 2, 4, 5 மிதக்கும். 1, 3, 6 மூழ்கும்.

வீட்டுக்கு மூன்று பைகள் போதும். பெட் போத்தலுக்கு ஒன்று, மற்றக் கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு ஒன்று, சுத்தமான பொலித்தீனுக்கு ஒன்று. பெருவிரலால் இழுத்தால் நீளும் பையைப் பொலித்தீனோடு போடலாம். உள்ளே வெள்ளி மினுங்கும் பிஸ்கட் உறையும் நூடுல்ஸ் உறையும் அப்படி நீளாது. கசக்கி விட்டால் திரும்ப விரியும். பல படலங்களை ஒட்டிச் செய்தவை என்பதால் அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம், சாதாரணமாக யாரும் வாங்குவதுமில்லை. "வாங்கினால் வாங்கட்டும்" என்று பொலித்தீன் மூட்டைக்குள் சொருகினால் நல்ல பொலித்தீனின் விலையும் போய்விடும். அவற்றைப் பிரதேச சபை லொறிக்கு எஞ்சிய குப்பையாகத்தான் கொடுக்க வேண்டும்.

கழுவுவதிலும் இரண்டு பிழைகள் உண்டு. ஒன்று, கழுவாமலே விடுவது. மற்றொன்று, கொதிநீர் ஊற்றுவது. பெட் 70 பாகைக்கு மேல் இளகிச் சுருங்கும். பீலியில் நல்ல தண்ணீர் பிடித்து இதற்குச் செலவழிக்கவும் தேவையில்லை. அரிசி கழுவிய தண்ணீரோ பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரோ போதும். எண்ணெய்ப் போத்தல் என்றால் அதோடு கொஞ்சம் அடுப்புச் சாம்பலைப் போட்டுக் குலுக்குங்கள். பிறகு இஸ்தோப்புக் கூரையின் கீழ், வாய் கீழே பார்க்கக் கவிழ்த்து ஒரு நாள் விடுங்கள். தென்மேல் பருவமழைக் காலத்தில் இரண்டு நாளும் ஆகும். மூடியைத் திறந்து, மிதித்துத் தட்டையாக்கி, அதன் பிறகே மூடுங்கள். முழுப் போத்தலில் பெரும்பகுதி காற்றுதான். அரை லீற்றர்ப் போத்தல் ஏறக்குறைய 50 சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். நசுக்காமல் அனுப்பினால் லொறி காற்றைச் சுமக்கிறது.

அடுப்பு விஷயம் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியது. விறகு நனைந்திருக்கும் நாட்களில் சொப்பிங் பேக்கைக் கொளுத்தி அடுப்பு மூட்டுவது பல லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பழக்கம். புகைபோக்கி இல்லாத குசினியில் அந்தக் கரியும் நச்சு வாயுவும் முதலில் சேர்வது சமைப்பவரின் நெஞ்சிலும் பக்கத்தில் இருக்கும் குழந்தையின் நெஞ்சிலும்தான். பிவிசி கலந்திருந்தால் டையொக்சின் எனும் கொடிய நச்சும் உண்டாகலாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மிளாறை அடுப்புக்கு மேலே பரணில் உலர்த்தி ஒரு கட்டு எப்போதும் வைத்திருங்கள். காய்ந்த பைன் காயும் நன்றாகப் பற்றும். பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பர் முதல் சட்டப்படியும் தடை.

மழைநீர் ஓடும் கானில் வீசினால் குப்பை மறைந்துவிடும் என்று நினைக்கிறோம். ஒரு பொலித்தீன் பை கானின் வளைவில் சிக்கினால், இலையும் மண்ணும் அதில் படிந்து அடைத்துக்கொள்ளும். ஓட வேண்டிய மழைநீர் சரிவுக்குள் இறங்கும். மண்சரிவு அபாயமுள்ள மலையில் லயத்துக்கு மேலே இருக்கும் கான் அடைபடுவது உயிர்ப் பிரச்சினை. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தில் தப்பி ஓடுவது காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வழியாகக் களனி கங்கையில் சேரும். கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது.

களைநாசினிக் கேன்களை வீட்டுப் பிளாஸ்டிக்கோடு கலக்கவே கூடாது. மருந்தை ஊற்றி முடித்ததும் கால்வாசி தண்ணீர் விட்டு, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் டாங்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு அடியில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் தண்ணீரோ மண்ணெண்ணெயோ பிடிக்க எடுக்கமாட்டார்கள். அலசினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து முழுதாகப் போகாது. ஓட்டை போட்ட கேன்களைத் தனியாகக் கட்டித் தோட்ட நிர்வாகத்திடமோ வாங்கிய கடையிலோ கேட்டு ஒப்படையுங்கள்.

உக்கும் என்று அச்சிட்ட லன்ச் சீட், பைகளைப் பொலித்தீனோடு சேர்க்க வேண்டாம். அவை வேறு பொருள், உருக்கும்போது கெடுக்கும். மரக்கறித் தோட்டத்துக் குழியில் போட்டாலும் பலவகை உடனே உக்காது. அவற்றுக்கு ஆலை உரக்குவியலில் இருக்கும் 58 பாகையளவு சூடு வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பமோ 16 பாகைதான்.

சேர்த்த மூட்டையை முற்றத்தில் விடுவதும் வேண்டாம். வெயிலில் உரப்பையின் நெசவு சில மாதங்களில் நொறுங்கித் தூளாகும். மழையில் திறந்த கோப்பைகளில் தண்ணீர் தேங்கினால் ஏழு முதல் பத்து நாளில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். நுவரெலியாவின் குளிரில் கொஞ்சம் தாமதமாகலாம், பதுளை, கண்டிப் பக்கம் அந்தத் தாமதமும் கிடையாது. கூரைக்குள், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், வாயை இறுகக் கட்டித் தொங்கவிடுங்கள். லொறி வரும் நாளுக்கு முந்தின மாலையில் ஒருமுறை அவிழ்த்துத் தொட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.