பழைய மோட்டார் சைக்கிளில் புரி போன துளைக்குப் புதுப் புரி போடுவது எப்படி

எஞ்சின் மூடியின் போல்ட்டை இறுக்கிக்கொண்டு போகையில் சாவி (ஸ்பானர்) திடீரென்று இலகுவாகச் சுற்றத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். "இன்னும் ஒருக்காச் சுத்திப் பார்ப்பம்" என்று சுற்றும்போதுதான் துளையின் மிச்சப் புரியும் (போல்ட்டைப் பிடித்து வைக்கும் சுருள் வரி) கையோடு வரும். போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அதன் பள்ளங்களில் மெல்லிய வெள்ளிக் கம்பி சுற்றினாற்போல் அலுமினியம் ஒட்டியிருந்தால் போல்ட்டில் பிழையில்லை, துளையின் புரிதான் போயிருக்கிறது. போல்ட் உருக்கு, எஞ்சின் அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினியம்தான்.

வன்னியில் இன்னும் ஓடுகிற எம்டி 90, சிடி 125 போன்ற பழைய ஹொண்டாக்களில் இது அடிக்கடி நடக்கிறது. பலமாக இறுக்குவது மட்டும் காரணமில்லை. கிரவல் றோட்டுத் தூசியும் செம்மண்ணும் துளையின் அடியில் போய் அடைந்துவிடும். போல்ட்டின் நுனி அந்த மண்ணில் முட்டும், தலை மூடியில் அமராது. "இன்னும் இறுகவில்லை" என்று நினைத்து நாம் பலம் கொடுக்க, புரி உரியும். பிழையான போல்ட் இன்னொரு காரணம். ஹொண்டா போன்ற ஜப்பான் வண்டிகளில் 10 மி.மீ. போல்ட்டின் புரி இடைவெளி பெரும்பாலும் 1.25 மி.மீ.; ஹாட்வெயார் கடையில் சும்மா "10 போல்ட்" என்று கேட்டால் வருவது அநேகமாக 1.5. முதல் இரண்டு சுற்றுக்குப் போகும், பிறகு துளையைக் கெடுக்கும்.

தெஃப்லோன் நாடா, நூல், எபொக்சிப் பசை எல்லாம் இடைவெளியை நிரப்புமே தவிர இழுவையைத் தாங்காது. பெரிய போல்ட்டுக்குப் புரி வெட்டலாம். ஆனால் 6 மி.மீ. துளையை 8 ஆக்கினால் மூடியிலும் துளையைப் பெருப்பிக்க வேண்டும், துளையைச் சுற்றியுள்ள மேடும் மெலிந்து வெடிக்கலாம். துருப்பிடிக்காத உருக்குச் சுருளை உள்ளே வைக்கும் ஹெலிகொயில் முறைதான் சரியான வழி. போல்ட்டின் அளவு மாறாது, புதுப் புரி பழைய அலுமினியப் புரியைவிட உறுதியாக இருக்கும்.

தேவையானவை

எஞ்சின் பக்க மூடியின் 6 மி.மீ. போல்ட்டை எடுத்துக்கொள்வோம். முதல் முறை செய்பவருக்கு அதுதான் நல்லது. கடையில் "எம் 6, புரி இடைவெளி 1.0, ஹெலிகொயில் செற்" என்று கேளுங்கள். அதில் 6.2 அல்லது 6.3 மி.மீ. ட்ரில் பிற், டப் (துளைக்குள் புரி வெட்டும் கருவி), சுருள்கள், சுருளைப் பூட்டும் கருவி, வால் முறிக்கும் கம்பி இருக்கும். 9 மி.மீ. நீளச் சுருள் போதும். அந்த டப் சாதாரண 6 மி.மீ. டப் இல்லை, வெளி விட்டம் ஏறக்குறைய 7.3 மி.மீ. தொலைத்துவிட்டு வேறொன்றை வைத்து வெட்ட முடியாது. இவற்றோடு மண்ணெண்ணெய், கிறீஸ், சைக்கிள் பம்ப், கண்ணைக் காக்கும் கண்ணாடி, ஒரு மூலைமட்டம்.

துளையைத் தயார்செய்தல்

மூடியைக் கழற்றும்போது போல்ட்டுகளை ஒரு அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். எல்லாம் ஒரே நீளமில்லை. நீளமான இடத்தில் கட்டையானதைப் பூட்டினால் இரண்டு மூன்று புரிதான் பிடிக்கும், அடுத்ததாக அதுவும் போகும்.

ஒரு ஈர்க்கைத் துளைக்குள் விட்டு அடிவரை ஆழத்தை அளவெடுங்கள். ட்ரில் பிற்றில் அதைவிட 1 மி.மீ. குறைவான இடத்தில் நாடா சுற்றுங்கள். அது எல்லைக்கோடு. தாண்டினால் பிற் எஞ்சினுக்குள் போய்விடும். திறந்திருக்கும் பக்கத்தைக் கிறீஸ் பூசிய துணியால் அடைத்துவிடுங்கள், அலுமினியச் சீவல் உள்ளே போகக்கூடாது.

இனித் துளைப்பது. ட்ரில்லை மெதுவான வேகத்தில் வைத்து பிற்றில் மண்ணெண்ணெய் விடுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். துளை ஏற்கெனவே கிட்டத்தட்ட 6 மி.மீ. இருப்பதால் பிற் சுரண்டுவது கொஞ்சம்தான். வெட்டுவதை விட்டுக் கவ்வி உள்ளே இழுக்கப் பார்க்கும். அழுத்தாதீர்கள், இழுக்கும்போது பின்னுக்குப் பிடியுங்கள். வண்டி அசையாமல் நடு ஸ்ராண்டில் நிற்க வேண்டும். மூலைமட்டத்தை எஞ்சினில் மூடி அமரும் முகத்தில் நிமிர்த்தி வைத்து, ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நேராக நிற்கிறதா என்று துளைப்பவருக்குத் தெரியாது. துளை சரிந்தால் மூடி ஒரு பக்கம் தூக்கும், ஒயில் கசியும்.

புரி வெட்டுதல்

டப்பைக் கையால் மட்டும் சுற்றுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது சீவல் முறியும் சின்னச் சத்தம் கேட்கும். இரண்டு முழுச் சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, மண்ணெண்ணெய் தொட்டு மறுபடி விடுங்கள். கை கனத்தால் பலம் கொடுக்காதீர்கள். டப் கடினமான உருக்கு. துளைக்குள் முறிந்தால் சாதாரண ட்ரில் பிற்றால் அதைத் துளைக்க முடியாது. அதற்குப் பிறகு லேத் பட்டறைதான்.

டப்பின் நுனி கூம்பாக இருப்பதால் அடியில் சில மில்லிமீற்றருக்கு முழுப் புரி விழாது. துளை ஆழமில்லாவிட்டால் 6 மி.மீ. நீளச் சுருள் வாங்குங்கள். வெட்டி முடிந்ததும் பெற்றோல் விட்டுக் கழுவி, கண்ணாடி போட்டுக்கொண்டு பம்பால் ஊதுங்கள்.

சுருளைப் பூட்டுதல்

சுருளின் அடியில் குறுக்காக ஒரு சிறு வால் இருக்கும். கருவியின் பிளவில் அது அமர வேண்டும். மெல்லச் சுற்றினால் தானாக இறங்கும். கீழ்நோக்கி அழுத்தினால் ஒரு புரி தாவிவிடும், பிறகு போல்ட் பாதியில் சிக்கும். சுருளின் மேல்நுனி துளையின் வாயை விட்டு 0.25 முதல் 0.5 மி.மீ. வரை கீழே நிற்க வேண்டும். நகத்தால் தடவிப் பாருங்கள், தடக்கக்கூடாது. பின்பக்கம் சுற்றிச் சரிசெய்யப் போகாதீர்கள், வால் இடையில் முறியலாம்.

முறிக்கும் கம்பியை வாலில் வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு. முறிந்த துண்டைக் கிறீஸ் தடவிய ஈர்க்கால் ஒட்டி எடுங்கள். எடுத்த துண்டைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைத் தொடுங்கள்.

மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் பழைய கஸ்கெட்டை மறுபடி போடுவது வீண் சிக்கனம். எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் பூட்டுங்கள். இந்தப் புரியின் இடைவெளி 1 மி.மீ. என்பதால் எத்தனை சுற்றோ அத்தனை மில்லிமீற்றர் பிடிமானம்: 9 மி.மீ. சுருளென்றால் ஒன்பது சுற்றாவது போக வேண்டும், 6 மி.மீ. என்றால் ஆறு. பிறகு எதிரெதிராக, சிறிது சிறிதாக, ஏறக்குறைய 10 நியூற்றன் மீற்றர் வரை இறுக்குங்கள். டோர்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) இல்லையென்றால், போல்ட்டிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் சாவியைப் பிடித்து 10 கிலோவைத் தூக்கும் அளவுக்கு இழுப்பது அதற்குச் சமம். நீளமான சாவியும் குழாயும் வேண்டாம்.

ஒயில் போல்ட்டும் பிளக்கும்

சின்ன ஹொண்டாக்களில் ஒயில் வடிக்கும் போல்ட் 12 மி.மீ., புரி இடைவெளி 1.5, தலைக்கு 17 சாவி. இறுக்கம் 25 நியூற்றன் மீற்றருக்குக் கிட்ட. முறை ஒன்றுதான், ஆனால் சீவல் நேரே ஒயில் இருக்கும் இடத்தில் விழும். பிற்றிலும் டப்பிலும் கிறீஸை நிறையப் பூசினால் பெரும்பகுதி அதில் ஒட்டிக்கொள்ளும். முடிந்ததும் மலிவான ஒயிலில் கால் லீற்றர் மேலிருந்து ஊற்றிக் கழுவி வடியுங்கள். போல்ட்டின் அலுமினிய வொஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். நசிந்த வொஷரால் கசியும்போது ஆட்கள் இறுக்குவது போல்ட்டைத்தான்.

ஸ்பார்க் பிளக் துளையில் புரி போனால் வண்டியில் வைத்துத் துளைக்க வேண்டாம். சீவல் பிஸ்டன் மேல் விழுந்து சிலிண்டரைக் கீறும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பழைய பிளக்கையும் கூடவே கொடுத்துவிடுங்கள், அளவு பார்க்க.