நன்னீர்த் திருக்கை வளர்ப்பு: முதலில் தரை, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் மீன்

திருக்கை வளர்க்க ஆசை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது தொட்டியின் அகலத்தைத்தான். லிட்டர் கணக்கெல்லாம் அப்புறம். திருக்கைக்கு உயரம் பெரிதாகப் பயன்படாது. அது தரையில் வாழ்கிற மீன். ஐந்தடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டி மற்ற மீன்களுக்கு மாளிகை. வளர்ந்த திருக்கை அதில் திரும்பக்கூட முடியாமல் கண்ணாடியில் ஓரம் உரசிக்கொண்டே கிடக்கும்.

கடைகளில் அதிகம் கிடைப்பது மோட்டோரோ. பழுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி, புள்ளியைச் சுற்றிக் கறுப்பு வளையம். நன்றாக வளர்ந்தால் வாலைச் சேர்க்காமலே வட்டு, அதாவது தட்டையான உடம்பு, 50 சென்டிமீட்டர் தொடும். கறுப்பில் வெள்ளைப் புள்ளி உள்ளது லியோபோல்டி, பிரேசிலின் ஷிங்கு ஆற்றுக்காரர். 'டீகப்' என்ற பெயரில் உள்ளங்கை அளவில் விற்கிறார்களே, அதைத் தனிக் குள்ள இனம் என்று நம்பிவிடாதீர்கள். அது குட்டி, அவ்வளவுதான். வளர்ந்தால் ஒரு அடியை எட்டும்.

ஆகவே அகலம் குறைந்தது 90 சென்டிமீட்டர், முடிந்தால் 120. நீளம் 180-லிருந்து 240 வரை. உயரம் 60 போதும். 180 × 90 × 60 என்றாலே கிட்டத்தட்ட 970 லிட்டர். தண்ணீர் மட்டும் ஒரு டன்னுக்குப் பக்கம், கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. மாடி வீடென்றால் தரை தாங்குமா என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

உள்ளே அலங்காரம் எதுவும் வேண்டாம். மழமழப்பான நுண்மணல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போடலாம், அல்லது வெறும் தரையாக விடலாம். நான் மணல் பக்கம். திருக்கை புதைந்து கண் மட்டும் வெளியே தெரியப் படுத்திருப்பதைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடும்? கூரான கல், சரளை, பவளத் துண்டு எல்லாம் வயிற்றைக் கிழிக்கும். ஹீட்டரைத் தொட்டிக்குள் திறந்தபடி வைக்கவே கூடாது. அதன்மேல் போய்ப் படுத்துச் சுட்டுக்கொள்ளும், நகர வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. கீழே சம்ப் என்ற துணைத் தொட்டியை வைத்து ஹீட்டரை அதில் போடுங்கள். வெப்பம் 26-லிருந்து 28 டிகிரி.

இனி தண்ணீர். கடல் திருக்கைகள் யூரியாவை உடம்பில் தேக்கி வைத்துக்கொள்ளும். தென்னமெரிக்க ஆற்றுத் திருக்கைகள் அந்தத் திறனையே இழந்துவிட்டன. கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகத் தண்ணீருக்கு வந்துவிடும். தீனியோ முழுக்க மாமிசம். தொட்டியில் ஒரு திருக்கை இருந்தாலே ஃபில்டருக்கு மூச்சு வாங்கும். எனவே பெரிய சம்ப், அதில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேற நிறைய பயோ மீடியா. மீனில்லாமல் அம்மோனியா மட்டும் ஊற்றி ஃபில்டரைப் பழக்குங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். ஊற்றிய அம்மோனியா ஒரே நாளில் காணாமல் போய், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை கடைப்பக்கம் போகாதீர்கள்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும். கேஎச் எனப்படும் அந்தக் காரத்தன்மை தீர்ந்துபோனால் பிஎச் திடீரென்று சரியும். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா சோம்பிவிடும், அம்மோனியா தேங்கும். அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாக இருப்பதால் மீன் உடனே வாடாது. நீங்கள் பதறிப்போய்ப் பிஎச் அதிகமான புதுத் தண்ணீரைப் பாதித்தொட்டி ஊற்றினால், அந்த அம்மோனியம் நச்சான அம்மோனியாவாக மாறி அன்றைக்கே மீனைக் கொன்றுவிடும். பிஎச் 6.5 ஆ 7.5 ஆ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், அது ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கேஎச் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள். பிஎச் சரிந்துவிட்டால் அம்மோனியா நீக்கியைப் போட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றுங்கள்.

வாரம் 40 சதவீதம் தண்ணீர் மாற்றுவது என் வழக்கம். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் வாரம் முடியக் காத்திருப்பதில்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நீக்கி போட்ட பிறகுதான் ஊற்ற வேண்டும். தாமிரம் கலந்த மருந்து எதுவும் இந்தத் தொட்டிக்கு ஆகாது. மற்ற மீனுக்குப் பலனளித்தது என்று எடுத்து ஊற்றிவிடாதீர்கள்.

மீன் வாங்கும்போது கடைக்காரரை உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத திருக்கையை என்ன விலை குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். வால் தொடங்குமிடத்தில் இருபுறமும் எலும்பு துருத்தித் தெரிந்தால் அது வெகுநாள் பட்டினி. வட்டின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் தேறாது. கண்ணாடியில் ஏறும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள், சிவந்த திட்டு இருக்கக் கூடாது. வாலின் அடியில் இரண்டு விரல் போல நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். சின்னத் தொட்டியில் ஒரு பெண்ணோடு இரண்டு ஆண்களை விட்டால் அவள் வட்டின் ஓரத்தைக் கடித்துக் குதறிவிடுவார்கள். தொட்டியில் பிறந்த குட்டியாகக் கேட்டு வாங்குங்கள். லியோபோல்டி உள்ளிட்ட சில இனங்கள் 2022-ல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ரசீதும் காகிதமும் கையில் இருக்கட்டும்.

கூட்டாளி வேண்டுமென்றால் மேல்மட்டத்தில் நீந்தும் அரவானா சரிப்படும். பிளெக்கோ என்ற உறிஞ்சு வாய்க் கெளுத்தி வேண்டாம். ராத்திரியில் திருக்கையின் முதுகில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும், அந்த இடம் புண்ணாகும்.

குட்டிக்கு இரத்தப்புழுவும் நறுக்கிய மண்புழுவும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. பெரியதற்கு ஒரு வேளை போதும். ஓடு உரித்த இறால், மட்டிச் சதை, வெள்ளை மீன் துண்டு. தினமும் ஒரே இறாலைப் போட்டுக்கொண்டிருந்தால் போதாது. சில பச்சை மீனிலும் இறாலிலும் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. மாற்றி மாற்றிப் போடுங்கள், மூழ்கும் பெல்லட்டுக்கும் பழக்குங்கள். மாட்டுக் கறி, கோழிக் கறி பக்கம் போக வேண்டாம்.

தீனி நேரம் பார்க்க அலுக்காது. கண் மேலே, வாய் கீழே. அதனால் இறால் எதிரிலேயே கிடந்தாலும் என் மோட்டோரோ நேராக வந்து கவ்வாது. வாசனை பிடித்து ஓரங்களை அலையவிட்டுத் தேடும். வட்டின் விளிம்பு இறாலில் பட்டதும் ஒரே தாவில் மேலேறி அமுக்கிக்கொள்ளும். சுற்றிலும் மணல் கிளம்பும், அப்புறம் முதுகு லேசாகத் துடிக்கும். உள்ளே மெல்லுகிறது. மோட்டோரோ தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மெல்லுவதை ஆய்வாளர்கள் 2016-ல் எழுதினார்கள். சுறா, திருக்கை வகையில் அது பெரிய செய்தி. இரை தின்றபின் மிச்சத்தை அரை மணிக்குள் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக முள். வாலின்மேல் இருக்கும், இருபக்கமும் ரம்பப் பல், சுற்றி நச்சு உறை. திருக்கை தேடி வந்து குத்தாது. மணலில் புதைந்திருப்பதன்மேல் நாம் கையை வைத்தால்தான் அடிக்கும். தொட்டிக்குள் கை விடுமுன் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள், தெரியாவிட்டால் கை விடாதீர்கள். இடம் மாற்ற வலை ஆகாது, முள் வலையில் சிக்கும். பெரிய பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, ஒரு அட்டையால் மெல்ல உள்ளே ஒதுக்கி, தண்ணீரோடு சேர்த்துத் தூக்குங்கள். முள்ளை வெட்டிவிடலாமே என்பார்கள். வீண் வேலை, மீனுக்கும் காயம். அது தானாகவே அவ்வப்போது உதிர்ந்து புதிதாக முளைக்கும். மணலில் கிடக்கும் பழைய முள்ளைக்கூடக் கிடுக்கியால்தான் எடுக்க வேண்டும்.

குத்திவிட்டால் வலி உயிர் போகும். காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். நச்சு புரத வகை, சூட்டில் வீரியம் குறையும். வலியில் சூடு தெரியாது என்பதால் இன்னொருவர் கையால் சூட்டைப் பார்க்கட்டும். முள் ஆழமாகப் பாய்ந்திருந்தால் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள். சின்னக் காயமானாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், முள் துணுக்கு உள்ளே தங்கினால் புண் ஆறாது. டெட்டனஸ் ஊசியையும் அப்போதே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.