இந்திய–தாய்லாந்து டேஸ்டிங் மெனு சாப்பிடப் போக முன்

டேஸ்டிங் மெனு என்றால் சமையல்காரரே தெரிவு செய்த ஏழெட்டுச் சின்னத் தட்டுகள், ஒன்றுக்குப்பின் ஒன்றாக வரும். ஒத்துக்கொள்ளாத சாமான்களை மேசை பதியும்போதே சொல்லுங்கள். கறிக்கூட்டுகள் பெரும்பாலும் முன்கூட்டியே அரைபட்டுவிடும். இருந்தபிறகு சொன்னால் மாற்ற ஏலாது.

சைவக்காரருக்கு "இறைச்சி இல்லை" என்ற பதில் போதாது. மீன் சோஸ் நெத்தலியும் உப்பும் புளித்து வடிவது. மரக்கறித் தட்டிலும் அது விழும். தாய்லாந்துப் பச்சைக் கறிக்கூட்டில் பெரும்பாலும் றால் விழுதும் சேரும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் தொடாதவர்கள் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கச்சான் ஆகாதவர்கள் சாத்தே, மசமன் கறி இரண்டையும் விலக்குங்கள்.

தொம் யம் என்ற புளிப்பும் உறைப்புமான தாய்லாந்துச் சூப் கோப்பையில் சேரைத்தண்டு (எலுமிச்சைப்புல்), பேரரத்தை வட்டம், தேசியிலை மிதக்கும். அவை வாசத்துக்குத்தான். கறியில் ரம்பையை ஒதுக்குவதுபோல ஓரத்தில் வைத்துவிட்டு, முதலில் சாற்றை மட்டும் உறிஞ்சுங்கள்: புளிப்பு முன்னுக்கு, உறைப்பு தொண்டையில்.

உறைப்புக்குப் பழகிய நாக்கென்று நம்பிப் பச்சைக் கொச்சிக்காயைக் கடிக்க வேண்டாம். தண்ணீரும் உதவாது, காரம் அதில் கரையாது. தயிரோ பாலோ ஒரு வாய் எடுங்கள்.

சோறுள்ள தட்டுக்குக் கரண்டி வலக்கையில், முள்ளுக்கரண்டி இடக்கையில் தள்ளிக்கொடுக்க.

முதல் ரொட்டியில் வயிற்றை நிரப்பாதீர்கள். கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றிய பசைச்சோறும் மாம்பழமும் வரக்கூடும், அது கனமான தட்டு.