மவுஸை அவர் கையிலேயே விடுங்கள்: ஆசிரியர்களுக்குக் கணினி சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளி. மே மாத விடுமுறைப் பயிற்சி. மின்விசிறி சுற்றினாலும் வருவது அனல்தான். பயிற்சி கொடுப்பவன் நான். முன் வரிசையில் ஒரு கணக்கு டீச்சர், ஓய்வுபெற இன்னும் நாலு வருடம். செய்துவைத்த வினாத்தாளைப் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். அம்புக்குறி எங்கே போனது என்று திரை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "கொஞ்சம் தள்ளுங்க டீச்சர்" என்று மவுஸை வாங்கி, மூன்றே சொடுக்கில் முடித்து, "அவ்வளவுதான், பார்த்தீங்களா?" என்றேன். "பார்த்தேனுங்க சார்" என்றவர், நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்த நோட்டு மேசையில் திறந்தபடி கிடந்தது. மற்றதெல்லாம் படிப்படியாக, எண் போட்டு, அழகாக எழுதியிருந்தார். பென் டிரைவுக்கு நேரே மட்டும் ஒரே வரி: "சாரிடம் கேட்கவும்."

அன்றைக்கு நான் சொல்லிக்கொடுத்தது அதுதான். இந்த வேலையில் நான் செய்த தவறுகளிலேயே பெரியது இது. இன்றுவரை பிறர் செய்யப் பார்ப்பதும் அதிகம் இதுதான். தெரிந்தவன் கை வேகமானது. அது குறுக்கே வந்தால் தெரியாதவர் கை பழகுவதே இல்லை. இப்போதெல்லாம் பயிற்சியில் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும். பரவாயில்லை. "வலது பக்கம், மேலே, இன்னும் மேலே" என்று வாயால் சொல்வதோடு சரி. ஒரு கோப்பைச் சேமிக்கப் பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் கணினி இல்லை என்ற குறை பெரிதாக இல்லை. கேரளத்தில் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுவரும் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001இலேயே தொடங்கிவிட்டது. 2017இல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது. 2018இல் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளில் மடிக்கணினியும் புரொஜெக்டரும் வைக்கும் ஹைடெக் திட்டம் வந்தது. 2020 அக்டோபரில், பொதுப்பள்ளிகள் எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டதாக மாநிலம் அறிவித்தது. ஆக, பெட்டி இருக்கிறது. அதைத் தொடுவதற்குத்தான் கை வர வேண்டும்.

அட்டவணையில் ஆரம்பிப்பது

ஒரு வருடம் முதல் நாள் காலையிலேயே யுனெஸ்கோவின் ஆசிரியர் திறன் சட்டகத்தைத் திரையில் போட்டேன். 2018இல் வந்த மூன்றாம் பதிப்பு. மூன்று படிகள், ஆறு துறைகள், மொத்தம் 18 திறன்கள். நல்ல அட்டவணைதான், பாடத்திட்டம் போடுகிறவருக்கு உதவும். ஆனால் ஆறாம் வகுப்பு அறிவியல் எடுக்கும் டீச்சருக்குத் திங்கட்கிழமை இரண்டாம் பீரியடில் என்ன செய்வது என்பதுதான் கவலை. பத்தாவது நிமிடம் பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள்.

இன்னொரு வகை தவறு, மென்பொருள் பெயர்களை வரிசையாக அடுக்குவது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் இரண்டு. மூன்று நாளில் பன்னிரண்டு பெயர் தெரியும், ஒன்றும் செய்யத் தெரியாது. இப்போது நான் வரச் சொல்லும்போதே, "அடுத்த வாரம் நடத்தப்போகும் ஒரு பாடத்தைக் கையோடு கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிடுவேன். அந்தப் பாடத்துக்கு எது வேண்டுமோ அதை மட்டும் கற்றால் போதும். சில பாடங்களுக்கு ஒன்றுமே வேண்டாம். இலை நரம்பைக் காட்டப் புரொஜெக்டர் எதற்கு? வாசலில் அரச மரம் நிற்கிறது.

தமிழைக் கடைசிக்குத் தள்ளுவது

எல்லையோரத் தமிழ்வழி ஆசிரியரின் நிலைமை கொஞ்சம் விசேஷமானது. பயிற்சி நடப்பது மலையாளத்தில். கணினியின் மெனு ஆங்கிலத்தில். போய் நடத்த வேண்டியது தமிழில். சந்தையிலும் பஸ்ஸிலும் மலையாளம் பேசுவதில் இங்கே யாருக்கும் குறையில்லை. வேகமாக வாசிப்பதில் எல்லோரும் ஒன்றல்ல. இது தெரிந்தும் நானே ஒருமுறை மலையாளக் கையேட்டை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்தேன். நேரம் மிச்சம் என்ற நினைப்பு. மிச்சமானது என் நேரம்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் எழுத்துரு. நடப்பது இப்படித்தான்: டீச்சர் கையால் எழுதிய வினாத்தாளைக் கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்குகிறார். கடைக்காரர் பாமினி மாதிரி ஒரு பழைய எழுத்துருவில் அடித்துத் தருகிறார். கடையில் பார்க்கும்போது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலத் தமிழ். பள்ளி மடிக்கணினியில் திறந்தால் வரி வரியாக ஆங்கில எழுத்து. "இதுல இங்கிலீஷ்தானுங்க வருது சார்" என்று போன் வரும். வைரஸ் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி தனக்குள் வைத்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு என்ன செய்கிறதென்றால், ஜே இருக்கும் இடத்தில் 'த' என்ற படத்தை வரைகிறது, ஓ இருக்கும் இடத்தில் 'ழ'. முகமூடி மாதிரி. அந்த முகமூடி இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. கேரளப் பள்ளி மடிக்கணினிகளில் ஓடுவது விண்டோஸ் அல்ல, உபுண்டு என்ற இயங்குதளத்தை ஒட்டிய கட்டற்ற மென்பொருள். கடைக்காரரின் எழுத்துரு அதில் எப்படி இருக்கும்? எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடித்தால் 'த' என்பது உள்ளேயும் 'த'தான். போனில் திறந்தாலும் மூணாறில் திறந்தாலும் தமிழாகவே இருக்கும், தேடினாலும் கிடைக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. கடைகளுக்கு இன்னும் செய்தி போகவில்லை போலிருக்கிறது.

அவசரத்துக்கு ஒரு வழி: கடையிலிருந்து வாங்கும்போது பி.டி.எஃப். ஆக வாங்குங்கள். பெரும்பாலும் எழுத்துரு அதற்குள்ளேயே சேர்ந்து வந்துவிடும், அச்செடுக்கலாம். திருத்துவதுதான் கஷ்டம். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு கொம்பும் காலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

நிரந்தர வழி, தானே அடிப்பது. அதற்குப் பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு நான் காட்டுவது ஒரே ஒரு சொல். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் 'அம்மா' என்று அடிக்க ஏ, கே, கே, கியூ. நாலே தட்டு. முதல் தட்டில் 'அ'. ம என்பதை இரண்டு முறை தட்டினால் முதல் ம தானாகவே புள்ளி வைத்துக்கொள்ளும். பிறகு 'ஆ' தட்டினால் 'மா' ஆகிவிடும். உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது புதிதே இல்லை. "அட, இலக்கணப்படிதானே இருக்கு!" என்று ஒரு தமிழாசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அமைப்புகளில் தமிழ் விசைப்பலகையை ஒருதரம் சேர்த்துவிட்டால் போதும். அப்புறம் விண்டோஸ் சின்னம் போட்ட விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

கைக்கு அது வரவே வராது என்கிறவர்கள் போனில் பேசி எழுத வைக்கலாம். பெற்றோருக்கு நாலு வரி அறிவிப்பு அனுப்ப அது தாராளம்.

தானே செய்து பார்க்காமல் மேடையேறுவது

ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளில் முக்கோணம் வரைந்து, ஒரு முனையைப் பிடித்து இழுத்து, கோணங்களின் கூடுதல் மாறாமல் 180 டிகிரியாகவே நிற்பதைக் காட்டலாம். கரும்பலகையால் முடியாத காரியம் இது. அங்கே ஒரு முக்கோணம்தான் வரைவோம். இங்கே ஒரு முனையை இழுத்தால் நூறு முக்கோணம் வந்து போகும்.

நான் அதைத் தயாரித்துக் கோப்பாகக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தசமப் புள்ளியையும் எடுத்துவிட்டேன். ஜூலையில் ஒரு நாள், பீரியடு நடுவிலேயே நம் கணக்கு டீச்சரிடமிருந்து போன். "சார், 61, 60, 60 வருதுங்க. கூட்டினா 181. பையன் கேட்கறான்."

கோணங்கள் உண்மையில் 60.6, 59.7, 59.7. கூட்டினால் சரியாக 180. முழு எண்ணாக மாற்றச் சொன்னதால் மூன்றுமே மேலே ஏறிவிட்டன. என் அழகுணர்ச்சிக்குக் கிடைத்த பரிசு. முழுமையாக்கும் அமைப்பில் போய் இரண்டு தசமம் வைக்கச் சொன்னேன். அப்படி வைத்தாலும் எப்போதாவது 180.01 எட்டிப்பார்க்கும். அது தவறல்ல, தோராயமாக்கலைப் பற்றி ஒரு தனிப் பாடமே நடத்த நல்ல வாய்ப்பு. இன்னொன்றும் இருக்கிறது: கோணத்தை அளக்கும்போது புள்ளிகளை எதிர் வரிசையில் சொடுக்கினால் 60க்குப் பதில் 300 வந்து நிற்கும். வகுப்புக்கு முந்தைய நாள் ஒருமுறை தப்பாகச் செய்து பார்த்தவருக்கு இதெல்லாம் தெரியும். செய்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவருக்குத் தெரியாது. தயார்க் கோப்பாகக் கொடுத்தது, இன்னொரு விதத்தில், மவுஸைப் பிடுங்கியதுதான்.

அக்கரை வீடியோ

தமிழில் வீடியோ வேண்டுமென்றால் எல்லோருக்கும் கை போவது தமிழ்நாட்டுப் பக்கம்தான். 2019இல் வந்த கல்வித் தொலைக்காட்சி, தீக்ஷா என்ற தேசியக் கல்வித் தளத்தில் தமிழ்நாட்டுப் பாடங்கள் என்று அங்கே நிறைய இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நம் பிள்ளைகள் படிப்பது கேரளப் பாடத்திட்டம். பாடம் வரும் வகுப்பு வேறாக இருக்கலாம், கலைச்சொல் வேறாக இருக்கலாம். வீடியோவில் ஒரு சொல், புத்தகத்தில் வேறு சொல் என்றால் பரீட்சையில் குழம்புவது குழந்தை. முழுதும் பார்த்து, வேண்டிய இரண்டு நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். இருபத்தைந்து நிமிட வீடியோவை ஓடவிட்டு ஓரமாக நோட்டுத் திருத்தினால் அது வகுப்பு அல்ல, டிவி.

பிள்ளைகள் முன்னால் வெட்கப்படுவது

ஒன்பதாம் வகுப்புப் பையன் எழுந்து வந்து புரொஜெக்டர் கேபிளைச் சரியாகச் செருகிவிட்டுப் போகிறான். பள்ளியின் மாணவர் கணினிக் குழுவான லிட்டில் கைட்ஸில் இருப்பவன், அதற்கென்றே பயின்றவன். டீச்சருக்கு முகம் சுண்டிவிடுகிறது. அடுத்த வாரத்திலிருந்து புரொஜெக்டர் பக்கமே போவதில்லை. அல்லது எல்லாவற்றையும் அவனிடமே விட்டுவிடுகிறார், அவன் லீவு போட்டால் பாடமும் லீவு. "டேய், இந்தத் தடவை நான் செருகறேன், நீ பக்கத்துல நின்னு சொல்லு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் இரண்டும் தீரும். இதைப் பயிற்சியிலேயே பேசிவிட வேண்டும். யாரும் பேசுவதில்லை.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கு ஒரே பதில்: சாக்பீஸ். பாடக்குறிப்பில் அதற்கும் ஒரு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

போட்டோ விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிள்ளைகளின் முகம், மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் சர்வ சாதாரணமாகச் சுற்றுகின்றன. 18 வயது நிரம்பாதவர்களின் தனிப்பட்ட தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதுதான் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொது விதி. சட்டம் கிடக்கட்டும், நம் வீட்டுப் பிள்ளையின் மார்க்கை ஊரே பார்க்க விடுவோமா?

செயற்கை நுண்ணறிவு பற்றியும் இப்போது கேட்கிறார்கள். கைட் 80,000 ஆசிரியர்களை இலக்காக வைத்து 2024 மே மாதம் இதற்கான பயிற்சியைத் தொடங்கியது. வினாத்தாள் தயாரிக்க, பாடத்தை எளிமையாக்க உதவும். ஒருமுறை பத்துக் கேள்வியும் விடையும் கேட்டேன். ஒன்பது சரி. ஒன்று தப்பு, ஆனால் மற்ற ஒன்பதையும் போல அதே நிச்சயத்தோடு எழுதியிருந்தது. விடைக்குறிப்பைத் தானே போட்டுப் பார்க்காமல் நகலெடுக்கக் கூடாது. தமிழ் நடையையும் திருத்த வேண்டும். சில வாக்கியங்கள் எந்த ஊர்க்காரரும் பேசாத தமிழ்.

கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவது

மூன்று நாள் பயிற்சி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, குழு போட்டோ, முடிந்தது. ஜூன் மாதம் சேர்க்கை வேலையில் கற்றதெல்லாம் காற்றோடு போய்விடும். மூன்றாவது வாரம் பள்ளிக்கே போய் இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும் என்பது என் அனுபவம். போனில் கேட்டால் எல்லோரும் "நல்லாப் போகுதுங்க" என்றுதான் சொல்வார்கள். நேரில் போனால்தான் மடிக்கணினி பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பதும், சாவி இன்னொருவரிடம் இருப்பதும் தெரியும்.

போன மாதம் அந்தக் கணக்கு டீச்சர் பள்ளிக்குப் போயிருந்தேன். ஆசிரியர் அறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு சமூக அறிவியல் டீச்சருக்குப் பென் டிரைவில் கோப்பு ஏற்றக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அம்புக்குறியைத் தேடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் தள்ளும்மா, இங்கே குடு."