டிரிகர் பாயிண்ட் ஊசி: வலிக்கிற இடத்தைக் காட்டினால் மட்டும் போதாது

தலைவலிக்காகப் போனேன், தோளில் ஊசி போட்டு அனுப்பினார்கள். வீட்டில் சொன்னதும், "நீ சொன்னது டாக்டர் காதில் விழுந்ததா?" என்று அம்மா கேட்டார். நன்றாகவே விழுந்திருந்தது. வலது நெற்றிப்பொட்டில் எட்டு மாதமாகக் குடைந்துகொண்டிருந்த வலி கிளம்பிய இடம், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் டிரபீசியஸ் தசை. அதைப் பிடி சதையாகச் சேர்த்து விரல்களால் உருட்டிப் பார்த்தார் டாக்டர். பட்டாணி அளவில் ஒரு முடிச்சு அகப்பட்டது. அதை அழுத்தியதும் அதே தலைவலி பொட்டில் ஏறியது.

இந்த முடிச்சுக்குத்தான் டிரிகர் பாயிண்ட் என்று பெயர். இது ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு வேறோர் இடத்தில் வலியைக் காட்டும். பிட்டத்தின் உள்தசையில் இருந்தால் வலி காலில் இறங்கும், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியான சயாட்டிகா என்றே நினைக்கத் தோன்றும். எந்தத் தசையின் முடிச்சு எங்கே வலிக்கும் என்று வரைபடமாகவே பதிவு செய்தவர் அமெரிக்க டாக்டர் ஜேனட் டிராவெல். 1955-இல் ஜான் கென்னடியின் முதுகுவலிக்கு இந்த ஊசியைப் போட்டவரும் அவர்தான். கென்னடி ஜனாதிபதியானதும் வெள்ளை மாளிகை மருத்துவர் ஆனார்.

ஆகவே "இங்கேதான் வலிக்குது, இங்கேயே போடுங்க" என்று அடம்பிடிப்பது முதல் தவறு. எக்ஸ்ரேயிலோ ரத்தப் பரிசோதனையிலோ இந்த முடிச்சு தெரியாது, கையால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டாக்டர் தடவிப் பார்க்காமலேயே மருந்தை ஏற்றத் தொடங்கினால் நிறுத்தச் சொல்லலாம். அழுத்தும்போது "இது நான் தினமும் படுகிற வலிதான்" என்று நீங்கள் சொல்வது அவருக்கு முக்கியமான தடயம்.

அடுத்தது "பவர் மருந்து" கேட்பது. பொதுவாகப் போடுவது லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து, அதுவும் கொஞ்சமாக. அதன் வேலை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நிவாரணமோ நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கிறது. எப்படி? 1979-இலேயே கரேல் லெவிட் என்ற செக் மருத்துவர், மருந்தில்லாத வெற்று ஊசியாலேயே பலருக்கு வலி விட்டதை எழுதினார். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2001-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும், எதைச் செலுத்தினாலும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே முடித்தது. முடிச்சில் ஊசி சரியாகப் பட்டால் தசை ஒரு வெட்டு வெட்டும். தூண்டிலில் மீன் சிக்கினால் கையில் தெரியுமே, கிட்டத்தட்ட அப்படி. எனக்கு மூன்றாவது குத்தில்தான் அது வந்தது. மரப்பு மருந்து சேர்த்தால் பிறகு வரும் நோவு குறையும் என்பது உண்மைதான். ஸ்டீராய்டை மட்டும் யோசித்துக் கேளுங்கள். தோலுக்கடியில் கொழுப்பு கரைந்து குழி விழலாம், அந்த இடம் வெளுக்கலாம், சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சுகர் ஏறலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். சிலர் அதைச் சொல்வதே இல்லை. சிலர் யாரையும் கேட்காமல் நாலு நாள் முன்பே நிறுத்திவிட்டு வருகிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அப்படி நிறுத்துவது, ஊசியால் வரும் ரத்தக்கட்டைவிடப் பன்மடங்கு ஆபத்து. மரப்பு மருந்து ஒவ்வாமை, ஊசி போடும் இடத்தில் கட்டி, காய்ச்சல் என எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசியைக் கண்டால் மயக்கம் வருபவர்கள் படுத்தபடி போட்டுக்கொள்ளலாம்.

ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் அந்த இடம் அடிபட்டது போல் நோகும். பலிக்கவில்லை என்று பதற வேண்டாம். என் கதை நேர்மாறு. மறுநாளே வலி விட்டுப்போன உற்சாகத்தில், வாசலில் இறங்கிய கேஸ் சிலிண்டரை நானே சமையலறைக்குத் தூக்கினேன். சாயங்காலத்துக்குள் கழுத்து பழையபடி பிடித்துக்கொண்டது. அந்த நாட்களில் கனம் தூக்கக் கூடாது, அதற்காகக் கழுத்தை அசைக்காமல் வைத்திருக்கவும் கூடாது. பிசியோதெரபிஸ்ட் காட்டித் தரும் நீட்டல் பயிற்சிகளைச் செய்ய, வலி தணிந்திருக்கும் அந்த நாட்களை விட்டால் வேறு நல்ல நேரம் இல்லை. போனைத் தோளில் இடுக்கிப் பேசுவதையும், லேப்டாப்பைக் குனிந்து பார்ப்பதையும் விடாமல் மாதாமாதம் ஊசிக்குப் போனால் முடிச்சும் மாதாமாதம் வரும். இரண்டு மூன்று முறை போட்டும் அசையாத வலிக்குக் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். உடம்பு முழுக்க வலி, தூக்கமின்மை, அசதி எல்லாம் சேர்ந்திருந்தால் ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

நம் வீடுகளில் தோள்வலி என்றாலே "வாயுப்பிடிப்பு" என்று தைலம் தேய்ப்போம். வியர்வையோடு இடது தோள், தாடை, நெஞ்சு என்று பரவும் வலிக்கு முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும், ஊசியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கழுத்தடியிலும் முதுகின் மேல்பகுதியிலும் தசைக்குக் கீழே நுரையீரல் அதிக ஆழத்தில் இல்லை. அபூர்வமாக ஊசி அதைத் தொட்டுவிட்டால் காற்றுக் கசியும். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையாக, கழுத்தில் ஊசி போட்ட விஷயத்தைச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்காமல் போகலாம்.